நாற்பத்து மூன்றாம் நாள்

சென்ற வாரம் அத்தையின் கைப்பையில் நான் கண்டது ஒரு சாவி. எங்கள் வீட்டில் மூன்று பூட்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் சேரவில்லை.

அடுத்தவர் பையைத் துழாவியது தப்பு. பஸ் பாஸைத் தேடித்தான் கையை விட்டேன் என்பது உண்மை. பஸ் பாஸ் கிடைத்த பிறகும் கை உள்ளேயே இருந்தது என்பதும் உண்மை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடுதான் இருக்கிறாள். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் பெஞ்சில் பத்தொன்பது வருடம். கடித்து, மென்று, மொறுமொறுப்புக்கு மார்க் போட்டு, துப்ப வேண்டும். ஒரு நாள் பெஞ்சிலேயே அவளுடைய தாடை பிடித்துக்கொண்டது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில், எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு நழுவிவிட்டது என்றார்கள். மருந்து, தாடைக்கட்டு, ஒத்தடம் எதற்கும் மசியாமல் கடைசியில் அறுவை சிகிச்சை. அது முடிந்து இன்றோடு நூற்று நாற்பது நாள்.

நாள் எனக்குச் சரியாகத் தெரியும். நான்தான் நோட்டு போடுகிறேன்.

பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மாலையில் ஆய்வக உதவியாளர் வகுப்பு. அங்கே அளவெடுக்கக் கற்றுக்கொண்ட ஜோரில், தினமும் காலையில் அத்தையின் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து குறிப்பேன். வீட்டில் என் பெயர் 'ஸ்கேல்' ஆகிவிட்டது. அம்மா, இரட்டைக் குழந்தை பெற்ற என் அக்காவுக்கு ஒத்தாசையாக வெளியூருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அதனால் வீட்டு நிர்வாகமும் ஸ்கேலிடம்தான்.

"ஆ காட்டுங்க அத்தை."

"ஆஆ."

"முப்பத்தேழு."

"நேத்து?"

"முப்பத்தேழு."

"இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒண்ணு கூட்டிப் போட்டா என்னவாம்?"

"அளவுன்னா அளவு அத்தை."

"அவகிட்ட சிபாரிசு எல்லாம் செல்லாதுக்கா," என்றார் அப்பா, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே. அவர் பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியன். "பெத்த அப்பன் எனக்கே தலைமுடி எண்ணிச் சொன்னவ."

அத்தை சிரித்தாள். அவள் சிரிக்கும்போது வலது கை தானாகத் தாடைக்குப் போகும். காதோரம் இருக்கும் தழும்பு ஒரு கால்புள்ளி அளவுதான். கை அதை மூடிக்கொள்ளும்.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் இருவரும் மேஜையில் சாப்பிட்டோம்.

ஃப்ரிட்ஜ் கதவில், பட்டாம்பூச்சி காந்தத்துக்கு அடியில், என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது.

1. ஒரு வாய்க்கு முப்பது முறை மெல்ல வேண்டும்.
2. சாப்பிடும்போது பேசக் கூடாது.
3. தனியாக, அமைதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.
4. கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கை.

டாக்டர் சொன்னதைத்தான் எழுதினேன். அப்படித்தான் இன்று பதினொரு மணிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

தாடைப் பிரிவில் பயிற்சி கொடுக்கும் பெண் அத்தையின் கையில் ஒரு சூயிங்கம்மைக் கொடுத்தாள். ஒரு பக்கம் ரோஸ், மறு பக்கம் நீலம்.

"இருபது தடவ மெல்லுங்க. நான் எண்ணறேன். அப்புறம் இந்தக் கண்ணாடித்தாள்ல துப்பிடுங்க."

"துப்பறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? பத்தொன்பது வருஷ சர்வீஸ்," என்றாள் அத்தை.

மென்றாள். அறை அமைதியாக இருந்தது. ஏழாவது தடவை காதோரம் 'டிக்' என்று ஒரு சத்தம். பதினான்காவதில் இன்னொன்று. துப்பியதும் அந்தப் பெண் அதைத் தாளுக்குள் தட்டையாக அழுத்திப் பார்த்தாள். இரண்டு நிறமும் நன்றாகக் கலந்தால் மெல்லும் சக்தி திரும்பிவிட்டது என்று அர்த்தம். முதல் மாதம் பார்த்தபோது ரோஸ் தனியாகவும் நீலம் தனியாகவும் இருந்தன. இன்று எல்லாம் ஊதாவாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம்.

"பிரமாதம்! உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"முதல் கடி ரப்பர். அஞ்சாவதுல இனிப்பு ஓடிப்போயிடுது. எங்க பெஞ்சுக்கு வந்திருந்தா லாரியோட திருப்பி அனுப்பியிருப்போம்."

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மாதத்திலிருந்து அரை நாள் பெஞ்சுக்குத் திரும்பலாம் என்று கடிதமும் எழுதினாள். இத்தனை நாளாக அத்தை பெட்டி ஒட்டும் பிரிவில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு படிவம். வலி இருக்கிறதா, பேசக் கஷ்டமா, கடினமான பொருளை ஒதுக்குகிறீர்களா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சில நேரம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டம். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடமிருந்து மறைக்கிற மாதிரி, அத்தை இடது கையை வளைத்து வைத்துக்கொண்டு எழுதினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரும்பாலும்.

அந்தப் பெண் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"எல்லாமே நல்லா இருக்கு. இந்த ஒண்ணுதான் புரியல. 'பிறரோடு அமர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறீர்களா?' எப்போதும்னு போட்டிருக்கீங்க. கூச்சமா இருக்கா?"

"நான் தவிர்க்கலையேம்மா."

"அப்ப இல்லைன்னு போடணும்."

"இல்லைன்னு போட்டா தினமும் எல்லார் கூடவும் சாப்பிடறேன்னு ஆயிடும். அதுவும் பொய்தானே? என் பதிலுக்குக் கட்டமே இல்ல. கிட்டத்துல இருந்த கட்டத்துல போட்டுட்டேன்."

"தனியாவா சாப்பிடறீங்க? இன்னுமா?" அவள் என்னைப் பார்த்தாள். "முதல் ஆறு வாரம்தானே அப்படிச் சொன்னோம்?"

"பழகிப் போச்சு," என்றாள் அத்தை. அவளும் இப்போது ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் காது சூடானது. நோட்டைப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

*

பஸ்ஸில் எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே அத்தை எழுந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. எனக்குச் சின்ன வேலை இருக்கு."

"அந்தச் சாவிக்கான வேலையா அத்தை?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையில பஸ் பாஸ் இடம் மாறியிருந்தப்பவே நினைச்சேன். வா, வந்து பாரு. பார்த்தாதான் உனக்குச் செரிக்கும்."

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி அது. இரண்டாம் மாடி, கடைசி அறை. சாவி சட்டென்று திரும்பியது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கொக்கி. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். நாற்காலியின் மேல் அத்தையின் பழைய ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தது. இடம் பிடிக்க பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி.

"ஏன் அத்தை?"

"ஃபேக்டரிக்குப் பக்கம்."

"நம்ம வீடும் நாலே நிறுத்தம்தானே?"

அத்தை என்னைக் கீழே கூட்டிப்போனாள். சாப்பாட்டுக் கூடம். நீளமாக ஆறு மேஜை, இரு பக்கமும் பெஞ்சு. பக்கத்து ஃபேக்டரிகளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த எழுபது பெண்களாவது இருப்பார்கள். தட்டும் கரண்டியும் பேச்சும் சிரிப்புமாக இரைச்சல் காதை அடைத்தது. யாரோ யாரையோ "ஏய், உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்று கத்தினார்கள். அத்தை வாசல் நிலையில் சாய்ந்து நின்று, பெஞ்சில் பிஸ்கட்டைப் பார்ப்பது போல அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் ஓவர்டைம்னு சொன்னேன்ல? இங்கதான் இருந்தேன். எனக்கு ஒரு தட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகுது. அதுக்குள்ள எதிர்ல மூணு பேர் மாறிட்டாங்க. மூணு பேரும் ஏதேதோ பேசினாங்க. ஒருத்தி அவ மேனேஜரைத் திட்டினா. இன்னொருத்தி தலைவலி மாத்திரை இருக்கான்னு கேட்டா. மூணாவது பொண்ணு..." கொஞ்சம் யோசித்தாள். "அவ சும்மா வெயிலைப் பத்திப் பேசினா. நல்லா இருந்துச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

"பத்தொன்பது வருஷம் பெஞ்சுல பேசாம மென்னேன். அது வேலை. வீட்டுக்கு வந்து பேசிக்கிட்டே மெல்லுவேன். அதுதான் சாப்பாடு." சாவியைப் பைக்குள் போட்டாள். "ஞாயித்துக்கிழமை காலைல வார்டன்கிட்ட அந்த ரூம் வேணுமா வேணாமான்னு சொல்லணும். அப்பாகிட்ட நானே பேசிக்கறேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி போய் நிக்காதே."

"அத்தை..." என்று தொடங்கினேன். ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்காமல் வாசலுக்கு நடந்தேன்.

*

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து முதல் முறை.

நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே கிறுக்கிய பக்கம். 'தனியாக, அமைதியாக — 6 வாரம். பேச்சு — 6 வாரம். பிறகு சாதாரணமாக' என்று இருந்தது. என் கையெழுத்துதான். ஃப்ரிட்ஜுக்காக அழகாகப் பிரதி எடுத்தபோது, 'எத்தனை நாள்' என்று பக்கவாட்டில் தனியாக ஒரு பத்தி போட்டால் எழுத்து சிறியதாகிவிடுகிறது என்று அந்தப் பத்தியை விட்டுவிட்டேன். அதன் பிறகு பிரதியைத்தான் பார்த்தேன். மூலத்தைப் பார்க்கவே இல்லை.

நூற்று நாற்பதில் நாற்பத்திரண்டு போனால் தொண்ணூற்றெட்டு நாள். வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நூற்றுத் தொண்ணூற்றாறு வேளை. ஒவ்வொரு நாளும் 'தனியாகச் சாப்பிட்டாள்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன். பச்சை மையில்.

பக்கங்களைப் புரட்டினேன். நாற்பத்து மூன்றாம் நாளில் ஒரு குறிப்பு இருந்தது.

'காலை. அத்தை விதியை மறந்து தட்டோடு மேஜைக்கு வந்தாள். நினைவூட்டினேன். திரும்பிப் போனாள்.'

அந்தக் காலை எனக்கு நினைவு வந்தது. அன்று அத்தை தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். எங்கேயோ கிளம்புகிறாள் என்று நினைத்தேன். நான் தலைகூட நிமிரவில்லை. கரண்டியால் ஃப்ரிட்ஜைக் காட்டி, "அத்தை, மூணாவது பாயின்ட்!" என்றேன்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"அக்காவுக்குக் கூச்சம்னு நினைச்சேன்," என்றார் கடைசியில். "மெல்லறப்ப அந்தச் சத்தம் வருதில்ல. நமக்குக் கேக்குதேன்னு அவ சங்கடப்படக் கூடாதுன்னுதான் டி.வி.யைக் கூட்டி வைப்பேன்."

"அத்தை என்ன நினைச்சிருப்பாங்கப்பா?"

அவர் ரிமோட்டைப் பார்த்தார். அது சுட்ட மாதிரி மேஜையில் வைத்தார்.

"உங்கம்மா இருந்திருந்தா ரெண்டாம் நாளே இந்தத் தாளைக் கிழிச்சிருப்பா," என்றார். "போ. போய்ச் சொல்லு. நான் கூட வரல. இது உன் கையெழுத்து."

அத்தையின் அறைக் கதவைத் தட்டினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஆறு வாரம், பத்தி, எழுத்தின் அளவு, நூற்றுத் தொண்ணூற்றாறு. வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

அத்தை துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டீ."

"என்ன தெரியும்?"

"டாக்டர் ஆறு வாரம்னு சொன்னப்ப நானும் அங்கதானே இருந்தேன்? தாடையிலதான் ஆபரேஷன். காதுல இல்ல."

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

"நாளை எண்ணிக்கிட்டே இருந்தேன். நாப்பத்து மூணாம் நாள் வந்தேன். நீ ஃப்ரிட்ஜைக் காட்டினே. உங்கப்பன் டி.வி.யைக் கூட்டினான்." ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். "சரி, இதுங்களுக்கு என் சத்தம் சகிக்கல, விதி மேல பழியைப் போடுதுங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கு மேல எப்படிக் கேக்கறது? என்னைச் சேர்த்துக்கோங்கன்னா? இந்த வயசுலயா?"

எனக்கு அழுகை வந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டாள்.

"மூக்கைத் துடை. மடிச்ச துணி மேல ஒழுகப்போவுது."

*

ஏழரை மணிக்கு மேஜையில் மூன்று தட்டு வைத்தேன். தாளை எடுத்துவிட்டேன். அப்பா டி.வி.யை அணைத்தார். அணைத்ததோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கினார். அத்தை வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அடுக்கியிருந்த என் வகுப்புப் புத்தகங்களை நான் பத்து நிமிடம் முன்புதான் அகற்றியிருந்தேன்.

அத்தை முதல் வாயை எடுத்தாள். மென்றாள்.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. டிக். அப்பா தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு வெயில் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். விடுதிப் பெண் சொன்னது நினைவுக்கு வந்ததும் அதுவும் முடியவில்லை. டிக். பதினெட்டு, பத்தொன்பது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உதடும் அசைந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாயோடு அத்தை தட்டைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, உக்காருக்கா," என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் என் வாயையே பாக்கறீங்கடா. ஆஸ்பத்திரியிலகூட அவ ஒருத்திதான் பார்த்தா." குரலில் கோபம் இல்லை. "இன்னிக்கு வேணாம். முழுங்க வரல."

அறைக்குப் போனாள். நான் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதில் அவள் குரல்தான் வந்தது.

"டேய், அந்த டி.வி.யைப் போடுடா. மௌன அஞ்சலி மாதிரி இருக்கு."

அப்பா பாய்ந்து போய் பிளக்கைச் செருகினார். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்தார். யாரோ செய்தி வாசித்தார்கள். அதற்கு அடியில், திறந்த கதவு வழியாக, டிக் என்ற சத்தம் அவ்வப்போது வந்தது. அப்பா எட்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தார். எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. காய்ந்த கையோடு அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அந்தச் சத்தம் நிற்கும்வரை.

அத்தை தட்டைக் கழுவ வெளியே வந்தபோது காலித் தட்டுகளோடு நாங்கள் இருப்பதைப் பார்த்தாள். தட்டைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சாவியை எடுத்தாள். தாள் இருந்த இடத்தில், பட்டாம்பூச்சி காந்தத்தில் அதை ஒட்டவைத்தாள். ஒரு முறை சரிந்தது. மறுபடி வைத்தாள்.

"என்ன சாவிக்கா அது?" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். பையில இருந்தா ஒருத்தி கை சும்மா இருக்காது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பிறகு நோட்டைத் திறந்தேன். நூற்று நாற்பதாம் நாள். வாய் திறப்பு முப்பத்தேழு. சூயிங்கம் நன்று. வலி இல்லை. கடைசியில் 'தனியாகச் சாப்பிட்டாள்' என்ற கட்டம். பேனாவை அதன் மேல் வெகு நேரம் வைத்திருந்தேன். மூன்று வாய் மேஜையில். மீதி அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. என்னிடமும் அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.

காலியாக விட்டேன். அதற்குக் கீழே வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று வரி எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் ஆறு வேளை இருக்கிறது.